நிற்கும் ஸ்கூட்டரின் செலவுக் கணக்கு

ஓடாத வண்டிக்குச் செலவில்லை என்பது பொதுவான நம்பிக்கை. பெற்றோலைப் பொறுத்தவரை அது மெய். மின்னைப் பொறுத்தவரை மெய்யன்று. 2022 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற நிலை இலங்கையில் வந்தபோது, வீட்டு விறாந்தைகளில் ஸ்கூட்டர்கள் வாரக்கணக்கில் ஓய்ந்து நின்றன. பெற்றோல் கிடைத்த பின்னரும் உயிர்பெற மறுத்தவை அவற்றுள் உண்டு. இத்தகைய வேளைகளில் வழமையாகக் கேட்கும் தீர்ப்பு ஒன்றே: “பற்றரி முடிஞ்சுது, மாத்துங்கோ.”

சம்பளத்தை எண்ணியெண்ணிச் செலவிடும் ஓர் ஆசிரியைக்கு இத்தீர்ப்புச் சிறு விடயமன்று. புதிய பற்றரி பூட்டிப் பத்தே நாளில் அதுவும் வெறுமையானால், பணத்தோடு நம்பிக்கையும் போய்விடுகிறது. பள்ளிக்கூடமோ எட்டுக் கட்டைக்கு அப்பாலேயே இருக்கிறது. நோயை அறியாமல் உறுப்பை மாற்றும் இவ்வைத்தியம் நமது நாட்டில் வண்டிகளுக்கு மட்டும் உரியதன்று என்பது வேறு கதை.

பிரெஞ்சு நாட்டவரான காஸ்ரன் பிளான்ரே 1859 இல் அமைத்த ஈய அமிலச் சேமிப்புக்கலத்தின் வழிவந்ததே பெரும்பாலான ஸ்கூட்டர்களின் 12 வோல்ற்றுப் பற்றரி. எவ்வித இணைப்புமின்றி வைத்தாலும் அது தன்னுள்ளே சிறிது சிறிதாக இழக்கும். வெப்பம் கூடினால் இழப்பும் கூடும். வெறுமையாக நெடுநாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற்றுப் பளிங்குகள் இறுகி, பின்னர் மின்னேற்றினாலும் பழைய வலு திரும்பாது. எனவே தாமதமும் ஒரு செலவே.

ஆயினும், சில நாட்களிலேயே வெறுமையாகும் நல்ல பற்றரியை வேறொன்று உறிஞ்சுகிறது என்றே ஐயுற வேண்டும். கணக்கு எளிது. 5 அம்பியர்-மணிக் கொள்ளளவுடைய பற்றரியிலிருந்து 1 மில்லி அம்பியர் கசிந்தால் அது தீர 5000 மணித்தியாலம், அதாவது ஏறத்தாழ ஏழு மாதம், செல்லும். 50 மில்லி அம்பியர் கசிந்தால் 100 மணித்தியாலமே; வெள்ளி மாலை நிறுத்திய வண்டி செவ்வாய் இரவுக்குள் ஓய்ந்துவிடும். கணக்கில் மட்டுமே பற்றரி இறுதித் துளிவரை தரும். ஸ்ராட்டர் மோட்டாரோ அதற்கு வெகு முன்னரே கைவிட்டுவிடும்.

குற்றவாளியைக் காண ஒரு பல்மானி போதும். பற்றரியை முழுமையாக மின்னேற்றி, வண்டியிலிருந்து கழற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 12.6 வோல்ற்றுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். தனியே இரண்டு மூன்று நாள் வைத்தும் அது கணிசமாக இறங்கினால் பிழை பற்றரியினுடையதே. மெக்கானிக்கின் தீர்ப்பு அப்போது சரி. தனியே நின்று பிடித்து, பூட்டினால் மட்டும் இறங்கினால் வண்டியைத்தான் விசாரிக்க வேண்டும். திறப்பை நிறுத்தி, மறை முனையின் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் இடையே மானியைத் தொடராக இணைத்தல் வேண்டும்; முதலில் 10 அம்பியர் வீச்சில். மானி இணைந்திருக்கையில் ஸ்ராட்டரைத் தொட்டால் மானியின் உருகி போய்விடும். இது பலர் காசு கொடுத்துக் கற்ற பாடம்.

மணிக்கூட்டுக்கு ஓரிரு மில்லி அம்பியர் செல்வது இயல்பு. அதற்கு மேல் பல மடங்கு காட்டினால் உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். எதனைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அச்சுற்றிலேயே கசிவு. பின்னர் பூட்டிய திருட்டு எச்சரிக்கைக் கருவி, பற்றரியிலிருந்து நேரே இழுத்த கைப்பேசி மின்னேற்றி ஆகியனவே முதலில் ஐயுறத் தக்கன. உருகியைக் கழற்றியும் கசிவு குறையாவிடின் சீராக்கியின் இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும்; அதனுள் பழுதடைந்த இருவாயி ஒன்று மின்னைப் பின்னோக்கி விடக்கூடும்.

கசிவே காணப்படாவிடின் வரவையும் பார்க்க வேண்டும். இயந்திரம் சற்று வேகமாக ஓடுகையில் பற்றரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ற்று வரை இருத்தல் வேண்டும். முற்றத்தில் நிறுத்தியபடி இரண்டு நிமிடம் முறுக்கிவிட்டு அணைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. ஸ்ராட்டர் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவே அந்த இரண்டு நிமிடம் போதாமற் போகலாம். நெடுநாள் நிறுத்துவதாயின் மறை முனையைக் கழற்றி வைப்பதே மேல். அதற்கு வேண்டியது ஒரு ஸ்பானர் மட்டுமே.