மரிம்பா தள்ளுகிறவர்கள்

ஆகஸ்ட், முதல் வாரம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மார்ச்சிங் பேண்டின் ஆண்டு, வகுப்புகள் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கோடை விடுமுறையின் கடைசி இரண்டு மூன்று வாரங்கள் பயிற்சி முகாமுக்குப் போய்விடும். கார் நிறுத்துமிடத்தின் தார்த் தரையில் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் கோடுகளை வண்ணமடித்து, ஐந்து கெஜ தூரத்தை எட்டுக் காலடியில் கடக்கப் பிள்ளைகள் பழகுகிறார்கள். கணக்குப்படி ஒரு காலடி 22.5 அங்குலம். நெட்டையரும் குட்டையரும் அதே அளவில்தான் கால் வைக்க வேண்டும். கையில் டிரம்பெட், தோளில் சூசஃபோன், தலைக்கு மேல் ஆகஸ்ட் வெயில்.

குடியரசு தின அணிவகுப்பில் பள்ளி பேண்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அளவு புதிதாக இருக்கும். பெரிய பள்ளியின் பேண்டில் இருநூறு பேர்கூட இருப்பார்கள். டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட், சாக்சஃபோன் வாசிப்பவர்கள். நடந்துகொண்டே முரசு அடிப்பவர்கள். கொடியும் மரத்துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு. இவர்களோடு மைதானத்தின் முன்கோட்டில் நகராமல் நிற்கும் மரிம்பா, வைப்ரஃபோன், டிம்பனி வரிசை ஒன்று உண்டு. அதை ‘பிட்’ என்பார்கள். பெற்றோர் செய்யும் வேலையில் பெரும்பங்கு இந்தப் பிட்டைச் சுற்றியே நடக்கிறது.

முகாமில் அவர்களுக்கு முதல் வேலை தண்ணீர். பெரிய குளிர்ப்பீப்பாய்களில் ஐஸ் நிரப்பி, இடைவேளைக்கு முன் மைதான ஓரத்தில் கொண்டுவைக்க வேண்டும். வெயில் தாக்கி மயங்கும் பிள்ளையை அடையாளம் காணவும் முதலுதவி செய்யவும் சிலராவது பழகியிருப்பார்கள். அதற்கும் முன்னால் காகித வேலை இருக்கிறது. பல கல்வி மாவட்டங்களில், மாணவர்களோடு வேலை செய்ய வரும் பெற்றோரின் குற்றப் பின்னணியைச் சரிபார்த்த பிறகே அனுமதி அட்டை தருகிறார்கள். சொந்தப் பிள்ளையின் பேண்டுதானே என்ற சலுகை கிடையாது.

செப்டம்பர், வெள்ளி இரவுகள்

பேண்ட் இயக்குநரின் சம்பளத்தைப் பள்ளி தருகிறது. கருவிகளில் ஒரு பகுதியையும் வாங்கித் தருகிறது. இசையை அமைத்துத் தருபவர், மைதானத்தில் யார் எந்த நொடியில் எங்கே நிற்பது என்று வரைந்து தருபவர், முரசுக்கும் கொடிக்கும் தனித்தனிப் பயிற்சியாளர்கள், லாரி வாடகை, மேடைத் தட்டிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் பணம் பெரும்பாலும் பெற்றோர் நடத்தும் பூஸ்டர் சங்கத்திலிருந்து வர வேண்டும். ஐந்து ஸ்தாயி மரிம்பா ஒன்றே பத்தாயிரம் டாலரைத் தாண்டும்.

ஆகவே வெள்ளிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில், இடைவேளையில் பேண்ட் மைதானத்தில் இறங்கும்போது, பெற்றோரில் பலர் தின்பண்டக் கடையின் ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஹாட்டாக் மடித்துக்கொண்டிருப்பார்கள். சில சங்கங்கள் தொழில்முறை அரங்குகளில் உணவுக் கடைகளை ஒரு நாளைக்கு எடுத்து நடத்தி, விற்பனையில் பங்கு பெறுகின்றன. இன்னும் சில ஆரஞ்சுப் பெட்டி விற்கின்றன. பள்ளி உணவுக்கூடத்தில் மெத்தைகளை விரித்துப் போட்டு விற்கும் சங்கங்களும் உண்டு. இசைக்கும் மெத்தைக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. கமிஷன் நன்றாக வருகிறது.

இதில் வரிச்சட்டத்தின் கண்டிப்பு ஒன்று உண்டு. பூஸ்டர் சங்கங்கள் பெரும்பாலும் வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெற்றவை. கடையில் நாலு மணி நேரம் நின்ற தாய்க்கு, அந்த உழைப்பின் வருமானத்தை அவர் மகளின் கட்டணத்தில் மட்டும் கழித்துக் கொடுத்தால் அது பொதுநலம் ஆகாது. 2013இல் கேப்பிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற பூஸ்டர் சங்கத்தின் வழக்கில் அமெரிக்க வரி நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அந்தச் சங்கத்தின் வரிவிலக்கும் போயிற்று. ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளின் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கானாலும், பேண்ட் சங்கங்களின் பொருளாளர்கள் அதை மறப்பதில்லை. உழைப்பவரின் பிள்ளைக்கும் உழைக்க வராதவரின் பிள்ளைக்கும் ஒரே கட்டணம் என்பதே பாதுகாப்பான ஏற்பாடு. வருடா வருடம் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கும்.

அக்டோபர், போட்டிக்கு முந்தைய வாரம்

பள்ளி பேண்டுகளின் தேசியப் போட்டிகளில் பெயர் பெற்றது ‘பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’. 1975இல் தொடங்கிய அமைப்பு இது. முதல் தேசிய இறுதிப் போட்டி 1976இல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் நடந்தது. இப்போது இலையுதிர்காலம் முழுக்க வெவ்வேறு மாநிலங்களில் வட்டாரப் போட்டிகள் நடக்கின்றன. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளை ஏ முதல் நான்கு ஏ வரை பிரிவாக்குகிறார்கள்.

போட்டி நடக்கும் இடம் ஒரு பள்ளி மைதானமானால், அந்த ஊர்ப் பெற்றோருக்கு வேலை இரட்டிப்பு. வந்திறங்கும் பேருந்துகளையும் லாரிகளையும் வரிசைப்படுத்த வேண்டும். டிக்கெட் கிழிக்க வேண்டும். நடுவர்களுக்கும் பேருந்து ஓட்டுநர்களுக்கும் சாப்பாட்டு அறை வைக்க வேண்டும். ஒவ்வொரு பேண்டுக்கும் வழிகாட்டியாக ஒருவரை ஒதுக்குகிறார்கள். பேருந்து வந்து நின்றது முதல் சுருதி சேர்க்கும் இடம், நுழைவாயில், மைதானம், குழுப்படம் எடுக்கும் இடம் வரை அந்தப் பேண்டைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது அவர் பொறுப்பு. கழுத்தில் தொங்கும் அட்டையில் நிமிடக் கணக்கு அச்சிட்டிருக்கும். ஒரு பேண்ட் ஐந்து நிமிடம் பிந்தினால் மாலை வரை எல்லாப் பேண்டும் பிந்தும் என்பதால், வழிகாட்டியின் பேச்சில் மரியாதை இருக்கும், நடையில் இருக்காது.

போட்டிச் சனிக்கிழமை, விடிகாலை

வருகிற பேண்டின் பெற்றோருக்கு நாள் லாரியில் தொடங்குகிறது. டிரெய்லரில் சாமான் ஏற்றுவதற்குத் தலைகீழ் வரிசை: அங்கே போனதும் முதலில் தேவைப்படுவது இங்கே கடைசியாக ஏறும். மரிம்பாக்களைச் சரிவுப்பலகையில் இரண்டு பேர் மேலே இழுக்க, இரண்டு பேர் கீழிருந்து தாங்குகிறார்கள். கட்டைகளுக்கு அடியில் தொங்கும் உலோகக் குழாய்கள் இடிபட்டு நசுங்கிவிட்டால் நாதம் கெடும். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் தடித்த போர்வை, சக்கரத்துக்கு முட்டு, சுவரில் பட்டை. எந்தக் கருவி எந்த இடம் என்று டிரெய்லரின் தரையில் வண்ண நாடா ஒட்டியிருக்கும். முந்தின வருடம் ஒட்டியவரின் பிள்ளை பள்ளியை முடித்துப் போயிருக்கலாம். நாடா அப்படியே இருக்கும்.

பேருந்துக்கு நாலு பெரியவர்கள் துணை. தலை எண்ணுவது அவர்கள் வேலை. ஏறும்போது ஒருமுறை, புறப்படும் முன் ஒருமுறை. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகள் பூட்டிய பெட்டியில் ஒருவர் வசம் இருக்கும். சாப்பாடு தனி ராஜ்யம். இருநூறு பேருக்கு ரொட்டியும் பழமும் கட்டும் குழுவின் கையில், வேர்க்கடலை ஒவ்வாதவர், சைவம், ஹலால் என்று பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. சீருடையின் முழு உடுப்பு ஏறியபின் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது பெரும்பாலான பேண்டுகளின் விதி. பல நூறு டாலர் பெறும் உடுப்பில் கெட்சப் கறை விழுந்தால் சீருடைக் குழுவுக்குத்தான் தலைவலி.

அதே நாள், பிற்பகல்

நுழைவாயிலுக்கு முந்தைய கடைசிப் பத்து நிமிடம் சீருடைக் குழுவுக்குரியது. பல பேண்டுகள் இன்னும் ஷாக்கோ என்ற உயரத் தொப்பியை விடவில்லை. அதன் உச்சியில் இறகுக் குஞ்சம் ஒன்று நிற்கும். குஞ்சங்கள் பேருந்தில் தொப்பியோடு வருவதில்லை. நீளக் குழலுக்குள் தனித்தனியாகத் தூங்கிக்கொண்டு வருகின்றன. பிள்ளைகள் வரிசையில் நின்றதும் பெற்றோர் வரிசையோடு நடந்து, குஞ்சத்தை அடித்தண்டில் பிடித்து உருவி, இரண்டு உதறு உதறி, தொப்பியின் துளையில் செருகுகிறார்கள். இறகில் விரல் படக்கூடாது. கை எண்ணெய் பட்டால் பிசுக்கேறி ஒட்டிக்கொள்ளும். மழைத் தூறல் விழுந்தால் குஞ்சமே வேண்டாம் என்று முடிவாகும். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த மறு நிமிடம் அத்தனையும் மீண்டும் குழலுக்குள். வெள்ளைக் கையுறை, தாடைப்பட்டை, அவிழ்ந்த ஷூ நாடா எல்லாம் இந்தப் பத்து நிமிடத்துக்குள் சரியாக வேண்டும்.

பிட்டைத் தள்ளும் பெற்றோரான பிட் குழுவின் ஓட்டம் இதற்கு எதிர்முனையில். முந்தைய பேண்ட் மைதானத்தின் ஒரு பக்கம் வெளியேறும்போதே மறுபக்கம் இவர்கள் கருவிகளோடு உள்ளே நுழைகிறார்கள். மரிம்பா, வைப்ரஃபோன், ஸ்பீக்கர், மிக்ஸர், கேபிள், மின்னாக்கி என எல்லாம் சக்கரத்தில் வந்து முன்கோட்டில் அதனதன் குறியில் நிற்க வேண்டும். கூடவே மேடைத் தட்டிகளும் சரிவு மேடைகளும் வரும். சில நிமிடங்களே கையில் உண்டு. நேரம் மீறினால் மதிப்பெண் குறையும். அந்தத் தண்டனை பிள்ளைகளின் கணக்கில் ஏறும் என்பதால்தான் ஐம்பது வயது அப்பாக்கள் புல்தரையில் அப்படி ஓடுகிறார்கள்.

இத்தனை சாமான் முன்பு கிடையாது. பேண்ட் என்றால் கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடிந்தது மட்டுமே. பள்ளிகளுக்கு அப்பால் இளைஞர் குழுக்கள் போட்டியிடும் டிரம் கோர் உலகில் ஒலிபெருக்கிக்கு 2004இல்தான் அனுமதி கிடைத்தது, சின்தசைசருக்கு 2009இல். பள்ளி பேண்டுகளும் அந்த உலகத்தைப் பார்த்தே பாணி வகுக்கின்றன. கருவி கூடக் கூடத் தள்ளுவதற்கு ஆள் கூட வேண்டியிருந்தது. வெல்டிங் தெரிந்த அப்பா, தச்சுக்கூடம் வைத்திருக்கும் தாத்தா, வீட்டில் பெரிய தையல் இயந்திரம் உள்ள அம்மா ஆகியோருக்கு ஜூலை மாதத்திலேயே அழைப்பு போகிறது. உயரமான தட்டிகள் காற்றில் சாய்ந்தால் ஆபத்து என்பதால் பல போட்டிகளில் உயர வரம்பு இருக்கிறது. காற்று பலமான நாளில், மாதக்கணக்கில் அறுத்து ஒட்டி வண்ணமடித்ததை வெளியிலேயே விட்டுவிட்டு ஆட வேண்டியதுதான். இசைக்கும் நடைக்கும் இந்தத் தட்டிகள் சேர்ப்பது மிகக் கொஞ்சம். பலமுறை, அரங்கின் அளவை நிரப்பும் வேலையைத்தான் செய்கின்றன.

நிகழ்ச்சி எட்டு நிமிடம் அளவில் முடிந்துவிடும். மைதானத்து வடிவங்கள் அரங்கின் உச்சியில் நடுவர்கள் அமரும் அறையிலிருந்து பார்ப்பதற்காக வரைந்தவை. மேலிருந்து பார்த்தால் வட்டம் விரியும், சாய்கோடு சுழலும். கோட்டோரம் குந்தியிருக்கும் பிட் குழுவின் கண்ணுக்கு அதெல்லாம் முன்னும் பின்னும் போகும் கால்களின் கூட்டம் மட்டுமே. மிக அருகில் இருப்பவர்களுக்கு மிகக் குறைவாகத் தெரியும். முழு வடிவத்தைப் பலர் வாரம் கழித்து வீடியோவில்தான் பார்க்கிறார்கள். கடைசி ஸ்வரம் ஓய்ந்து கைதட்டல் எழும்போது அவர்களின் கைகள் ஏற்கெனவே மரிம்பாவின் சட்டத்தில் இருக்கும்.

அதே நாள், இரவு

வட்டாரப் போட்டியில் பகலில் எல்லாப் பேண்டும் ஆடுகின்றன. அவற்றில் முன்னணிப் பத்துப் பன்னிரண்டு குழுக்கள் இரவில் மறுபடி ஆடுகின்றன. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாவது பெருமைதான். பெற்றோருக்கோ ஏற்றிய லாரியை இறக்கி, குஞ்சத்தை மறுபடி செருகி, மறுபடி ஏற்றும் வேலை. நடுவர்கள் பார்க்கும்போதே பேசிப் பதிவுசெய்த விமர்சனங்கள் இயக்குநர் கைக்குப் போகும். இசை, காட்சி, ஒட்டுமொத்த விளைவு என்று மதிப்பெண் பிரிகிறது. பேருந்து பள்ளிக்குத் திரும்பும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். அதன்பிறகுதான் டிரெய்லரைக் காலிசெய்ய வேண்டும்.

நவம்பர், இரண்டாம் வாரம்

தேசிய இறுதிப் போட்டி இண்டியானாபோலிஸ் நகரத்து லூகாஸ் ஆயில் அரங்கில், 2008 முதல். வியாழன், வெள்ளி முதற்சுற்று. சனி காலை அரையிறுதி, இரவு இறுதி. இறுதிக்கு 12 பேண்டுகள். கூரை மூடிய அரங்கானதால் காற்றும் மழையும் இல்லை. பெற்றோருக்கு இங்கே பெரிய எதிரி தூரம்தான். டெக்சாஸிலிருந்தோ கலிஃபோர்னியாவிலிருந்தோ வரும் பேண்டின் டிரெய்லரை ஓட்ட ஆளும் விடுப்பும் வேண்டும்.

2008, 2009, 2010இல் ஏவன் பள்ளியும் 2016, 2017, 2018இல் கார்மெல் பள்ளியும் தொடர்ந்து வென்றன. இரண்டும் இண்டியானாபோலிஸை ஒட்டிய புறநகர்ப் பள்ளிகள்; பெற்றோருக்குத் தூரச் செலவு குறைவு. அந்தப் பிள்ளைகளின் திறமையை இது குறைப்பதில்லை. அவ்வளவு நுணுக்கமான வாசிப்பைப் பணத்தால் வாங்க முடியாது. சிகாகோ ஹைட்ஸின் மேரியன் கத்தோலிக்கப் பள்ளி அளவில் சிறியது. ஏழு முறை தேசிய வெற்றி பெற்றிருக்கிறது. ஆனால் அதுவும் பெற்றோர் கட்டணம் கட்டிப் படிக்கவைக்கும் பள்ளி.

சனிக்கிழமை ஷிப்ட் போகும் செவிலியரும் கடைப் பணியாளரும் பெற்றோராக நிறைந்த ஊரில் பிட் தள்ள முப்பது பேர் கிடைப்பதில்லை. அங்கே இயக்குநரே மரிம்பாவின் ஒரு முனையைப் பிடிக்கிறார். மறுமுனையை, இன்னும் பத்து நிமிடத்தில் வாசிக்க வேண்டிய மாணவன் பிடிக்கிறான். போட்டி விதிகள் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பிரிவு வகுக்கின்றன. ஓய்வுள்ள பெற்றோரின் எண்ணிக்கைக்கு எந்தப் பிரிவும் கிடையாது. தட்டிகளின் உயரத்துக்கு வரம்பு வைத்ததுபோல், மைதானத்துக்குள் கொண்டுவரும் சாமானின் அளவுக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் கடுமையான வரம்பு வைத்தால் சிறிய ஊர்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். அப்படிச் செய்தால் இசை எதையும் இழக்காது.