தாத்தா போருக்குப் போனார்... ரெக்கார்டில் மட்டும் போகவில்லை!

ஒவ்வொரு டிசம்பர் 16 அன்றும் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் 'விஜய் திவஸ்' கார்டு ஒன்று போடுவோம். 1971-ல் 13 நாள்கள் நடந்த போர், சரணடைந்த 93,000 பேர், டாக்காவில் கையெழுத்துப் போட்ட நியாசி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனரல் அரோரா. போட்டோகூட மாறாது. அந்த கார்டை இரண்டு வருஷம் நானே டைப் செய்திருக்கிறேன். டைப் செய்யும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷன் ஞாபகத்துக்கு வருவார். அவரும் அந்தப் போரில் இருந்தார். ஆனால், அரசாங்கத்தின் கணக்குப்படி இல்லை.

என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர். எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள் என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை எங்கள் பக்கம்தான். எங்கள் தெருவிலும் பாதி வீட்டில் சுவரில் ஒரு யூனிஃபார்ம் போட்டோ தொங்கும். தாத்தா 1966-ல் சேர்ந்தார். பத்தாவது ஃபெயில், லாரி ஓட்டப் பிடிக்கும். பட்டாளத்தில் டிரைவர் ஆக்கினார்கள். 17 வருஷம் ஓட்டிவிட்டு, நாயக் ரேங்க்கில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்து, அதன் பிறகு ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு செக்யூரிட்டியாக நின்றார். அவர் இருந்த படைப்பிரிவின் பெயரை இங்கே எழுதவில்லை. "அது எனக்குப் பொறந்த வீடு மாதிரி. பொறந்த வீட்டைப் பத்தி பேப்பர்ல போடுவியா?" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

விஷயம் இதுதான். 1971 போருக்காக மூன்று மெடல்கள் உண்டு. கிழக்கில், அதாவது இன்றைய வங்கதேசப் பக்கம், போர்க்களத்தில் இருந்தவர்களுக்கு 'பூர்வி ஸ்டார்'. மேற்கில் இருந்தவர்களுக்கு 'பஷ்சிமி ஸ்டார்'. அந்தச் சமயத்தில் எல்லை மாநிலங்களில் பணியில் இருந்தவர்களுக்கு 'சங்ராம் மெடல்'. தாத்தாவிடம் சங்ராம் மெடல் இருக்கிறது. 1972-ல் சுதந்திரத்தின் 25-ம் ஆண்டுக்குக் கொடுத்த மெடலும் இருக்கிறது. பூர்வி ஸ்டார் இல்லை. டிஸ்சார்ஜ் புக்கில் மெடல்கள் எழுதும் இடத்திலும் இல்லை.

சர்வீஸில் இருந்தபோது கிளார்க்கிடம் கேட்டிருக்கிறார். "வரும்" என்றார்களாம். பட்டாளத்தில் 'வரும்' என்றால் கேள்வி முடிந்தது. அப்புறம் மூன்று பிள்ளைகள், நிலத்தகராறு, பேங்க் டியூட்டி என்று அவருக்கு இதை நினைக்க நேரம் இல்லை.

2021-ல் போரின் பொன்விழா வந்தது. பல ஊர்களில் 1971 வீரர்களைக் கூப்பிட்டு சால்வை போட்டார்கள். தாத்தாவும் ஒரு நிகழ்ச்சிக்குப் போனார். பெயர் எழுதிக்கொண்டிருந்த பையன் டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இதுல ஸ்டார் இல்லையே. நீங்க வாருக்குப் போகலையா?" என்று கேட்டிருக்கிறான். கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சால்வையும் போட்டார்கள். ஆனால், அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை என்று ஆயா சொன்னாள்.

நான் அப்போது ஜர்னலிசம் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். "இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடு பாப்பா" என்றார். எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்களிடம் உள்ள ஆவணங்களின்படி தங்களுக்குரிய மெடல்கள் அனைத்தும் வழங்கப்பட்டுவிட்டன என்று இரண்டு வரி. மரியாதையான பதில்தான். ஆவணத்தில் தப்பு இருக்கிறது என்று எழுதினால், ஆவணத்தைப் பார்த்து அதே பதிலைச் சொல்கிறார்கள்.

இந்த ஆவணம் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் எது நடந்தாலும், கல்யாணம், பிள்ளை, லீவு, புரமோஷன், காயம், வேறு யூனிட்டுக்கு அனுப்பியது என எதுவானாலும், அவருடைய யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்று ஒன்று வெளியிட வேண்டும். அது ரெக்கார்டு ஆபீஸுக்குப் போகும். அங்கே அவருடைய ஏட்டில் ஏறும். அந்த ஆர்டர் வராவிட்டால், அந்தச் சம்பவம் ரெக்கார்டு ஆபீஸைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. சண்டைக்கு நடுவில், மழையில் நனைந்த டென்ட்டில் உட்கார்ந்து ஒரு கிளார்க் டைப் அடித்திருக்க வேண்டிய ஒரு வரிதான் தாத்தாவின் மெடல்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, தாத்தாவின் 'ஷீட் ரோல்' நகல் கேட்டோம். 17 வருஷ வாழ்க்கை சில பக்கங்களில் வந்தது. பிறந்த தேதி ஜூலை 1. பாதிப் பட்டாளத்துக்காரர்கள் ஜூலை 1-ல்தான் பிறந்திருக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? இனிஷியல் விரிந்து, கொள்ளுத்தாத்தாவின் பெயர் பின்னால் போய் 'சர்நேம்' ஆகியிருந்தது. 1971 நவம்பரில் ஒரு வரி, கையெழுத்தில்: ஒரு காலாட்படை பட்டாலியனோடு 'அட்டாச்டு'. பட்டாலியனின் பெயர் பாதி அழிந்திருந்தது. திரும்பி வந்த தேதி இல்லை. அடுத்த வரி 1972 பிப்ரவரியில் லீவு.

தாத்தாவின் சொந்த யூனிட்டின் ஒரு பகுதி போர் முடியும் வரை அசாமிலேயே இருந்தது. பேர் பட்டியல் எடுத்தவர்கள் அவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அவர் லாரி ஓட்டிய பட்டாலியனோ தன்னுடைய ஆள்களுக்கு மட்டும் பட்டியல் எடுத்தது. அட்டாச்மென்ட்டில் போனவன் இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் தவறவிட்ட மாப்பிள்ளை மாதிரிதான்.

நண்பர் ஒருவர், அவரும் எக்ஸ் சர்வீஸ்மேன், நல்ல எண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார். கன்டோன்மென்ட் பக்கத்துக் கடைகளில் எல்லா மெடலும் ரிப்பனோடு விற்கிறார்கள், சில நூறு ரூபாய்தான். அரசாங்கம் அனுப்பத் தாமதமாவதால் பணியில் இருப்பவர்களே அங்கே வாங்கிக் குத்திக்கொள்வது உண்டு. "ஒண்ணு வாங்கிக் குடுத்துடும்மா, பெரியவர் மனசு ஆறிடும்." தாத்தாவிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு வாங்கின டிப்ளமோவும் கடையில வாங்கினதா?"

இந்த ஸ்டாருக்குப் பணம் எதுவும் கிடையாது. வீர தீர விருதுகளுக்குத்தான் மாதப்படி, மானியம் எல்லாம். இது அங்கே இருந்ததற்கான அடையாளம், அவ்வளவுதான். அதனாலேயே இதற்காக மெனக்கெட யாருக்கும் அவசரம் இல்லை.

பணம் சம்பந்தப்பட்ட திருத்தம் எப்படி நடக்கும் என்பதையும் அதே சமயத்தில் பார்த்தேன். டிஸ்சார்ஜ் புக்கில் ஆயாவின் பெயர் 'அம்மா' என்று முடிகிறது. ஆதாரில் 'அம்மாள்'. அந்த ஒரு எழுத்து, நாளைக்கு ஆயாவின் ஃபேமிலி பென்ஷனை நிறுத்திவிடும். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதைச் சொன்னதும் ஃபார்ம் கொடுத்தார்கள், என்னென்ன இணைக்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் புதிய ஆர்டர் வந்தது. "மெடலுக்கு எழுதின லெட்டர்ல பாதி எனக்கு எழுதியிருந்தா போன வருஷமே வந்திருக்கும்" என்றாள் ஆயா. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் முன்னாள் ராணுவத்தினர் இருந்தால், அந்தப் பெயர்ப் பக்கத்தை இன்றைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் கோப்புகளை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிட விதி இருக்கிறது. தாத்தா பென்ஷன்காரர் என்பதால்தான் கேட்பதற்கு ஒரு கோப்பாவது மிஞ்சியிருக்கிறது.

சாட்சி வேண்டும் என்றார்கள். அதே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டியவர் ஒருவர், கொல்லத்துக்காரர். அவருடைய பெயரும் பழைய ஊரும் மட்டும் தாத்தாவுக்கு ஞாபகம் இருந்தது. கேரள முன்னாள் படைவீரர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு போட்டோவைச் சுற்றவிட்டோம். மூன்று வாரத்தில் அவருடைய மகன் கூப்பிட்டார். அவரிடம் பூர்வி ஸ்டார் இருக்கிறது. அவருடைய ஆர்டர் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு தமிழரும் ஒரு மலையாளியும் ஐம்பது வருஷம் கழித்துப் பேசுகிறார்கள், இந்தியில்! "ராம் ராம் உஸ்தாத்!" என்று அந்தப் பக்கம் குரல் வந்ததும் தாத்தா எழுந்து நின்றுவிட்டார். முதல் கால் மணி நேரம் ரம், ஒரு சமையல்காரர், சுகர் மாத்திரை. அப்புறம் ரோடு. அகர்தலாவிலிருந்து எல்லை தாண்டி அகௌரா, பிராமண்பாரியா வழியாக ஆஷுகஞ்ச் வரை சக்திமான் லாரியில் குண்டுகள் ஏற்றிப் போனது. மேக்னா நதியின் பெரிய ரயில் பாலத்தைப் பாகிஸ்தான் ராணுவம் உடைத்துவிட்டதால், எம்.ஐ-4 ஹெலிகாப்டர்கள் ஆள்களை அள்ளிக்கொண்டு அக்கரைக்குப் பறந்ததை லாரி மேல் ஏறி நின்று பார்த்தது. இதெல்லாம் நான் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைகள்.

பிறகு அவர் ஒன்றைக் கேட்டார். இந்தி எனக்கு அரைகுறை. "அந்தத் திரும்பி வந்த ட்ரிப் உனக்கு இப்பவும் கனவுல வருதா?" என்பது புரிந்தது. தாத்தா பதில் சொல்லவில்லை. ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அன்றைக்கு ராத்திரி அவராகச் சொன்னார். ஆஷுகஞ்சிலிருந்து திரும்பும்போது லாரி காலியாக வரவில்லை. அந்த பட்டாலியனின் பையன்களைக் கம்பளியில் சுற்றி ஏற்றி அனுப்பினார்கள். எத்தனை பேர் என்று சொன்னார், நான் எழுதப் போவதில்லை. குழியில் லாரி தூக்கிப்போடும்போதெல்லாம் பின்னால் சத்தம் கேட்கும் என்பதால் முதல் கியரிலேயே ஓட்டியிருக்கிறார், ராத்திரி முழுக்க. அந்தப் பையன்களோடு அதற்கு முந்தின வாரம்தான் ஒரே தட்டில் சப்பாத்தி தின்றிருக்கிறார்.

"ரெக்கார்டுல நான் அசாம்ல இருந்திருக்கேன். அப்போ அவங்களை யாரு பாப்பா கொண்டு வந்தது?"

ஆயாவுக்கும் அம்மாவுக்கும் அதுவரை இது தெரியாது. அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரெக்கார்டைத் திருத்துவது நடக்காத காரியம் இல்லை. கார்கில் போரில் படாலிக் பகுதியில் படையை நடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங், தன்னுடைய பங்கை மறைத்துப் போர் அறிக்கை எழுதப்பட்டது என்று வழக்குப் போட்டார். 2010-ல் ஆயுதப்படைகள் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி, ஆவணத்தைத் திருத்தச் சொன்னது. அந்தத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் பெஞ்ச் இருக்கிறது. தாத்தாவிடம் இதை உற்சாகமாகப் படித்துக் காட்டினேன். "அவர் பிரிகேடியர்மா. நான் டிரைவர்" என்றார். கோர்ட்டுக்குப் போகவும் இஷ்டமில்லை. பொறந்த வீட்டு மேலே கேஸ் போடுவதா என்கிறார்.

கொல்லத்துக்காரர் நோட்டரி முன்னிலையில் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் வந்தது. அதையும் ஷீட் ரோல் நகலையும் வைத்துப் புதிய மனு தயார் செய்தேன். கடைசிப் பத்தியில், 'எனக்கு 78 வயதாகிறது, உடல்நிலை சரியில்லை, கருணையோடு பரிசீலிக்கவும்' என்று எழுதியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவர், அந்தப் பத்தி முழுவதையும் பேனாவால் அடித்துவிட்டார். அதற்குப் பதிலாக லாரியின் நம்பரை எழுதச் சொன்னார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வண்டி நம்பர், மேல்நோக்கிய அம்புக்குறியோடு. ஒரு இலக்கம்கூடத் தடுமாறவில்லை.

இந்த முறை பதில் வேறு மாதிரி வந்தது. அழிந்துபோயிருந்த அந்த பட்டாலியனின் பெயரைக் கண்டுபிடித்து, அவர்களுடைய ரெக்கார்டு ஆபீஸுக்கு சரிபார்ப்புக்கு அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவர் பழைய ஏட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் படித்திருக்கிறார். அவருக்கு ஒரு நன்றி.

போன வாரம் இன்னொரு கடிதம். டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களையும் மறுபடி நகல் எடுத்து, அட்டெஸ்ட் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை தாத்தாவை ஸ்கூட்டியில் உட்கார வைத்து ஜெராக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் எத்தனை செட் என்று கேட்டார். "நாலு போடு. இன்னும் கேப்பாங்க" என்றார் தாத்தா.