எழுபதால் வகுத்தால்

வர்ற மார்ச்சில் எனக்கு 58, ரிட்டயர்மென்ட். ஹெச்.ஆர். தம்பி கூப்பிட்டு, "சார், வாரம் மூணு நாள் வாங்க, கன்சல்டன்டா போட்டுக்கலாம்" என்றான். பாதிச் சம்பளம். வீட்டிலிருந்து வேலையெல்லாம் கிடையாது, ஆபீஸ் வந்தே ஆகணும்.

ராத்திரி பழைய டைரியின் பின்பக்கத்தில் பி.எஃப். பென்ஷன் கணக்குப் போட்டேன். சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்கணும். அந்தச் 'சம்பளம்' நாம் கையில் வாங்குவது அல்ல, அதற்கு உச்சவரம்பு 15,000. 2014 செப்டம்பருக்கு முந்தைய வருஷங்களுக்கு 6,500தான். 28 வருஷ உழைப்பு ஐயாயிரத்தைக்கூடத் தொடவில்லை. எங்கள் வீட்டு மளிகை பாக்கியே அதைவிட அதிகம்.

"போயிட்டு வாங்க. நீங்க நாள் பூரா வீட்ல உக்காந்தா எனக்கு ஓவர்டைம்" என்றாள் மனைவி. நியாயம்தான். என்னை உறுத்துவது பாதிச் சம்பளம் இல்லை, மெடிக்கல் இன்ஷூரன்ஸ். கன்சல்டன்டுக்கு அது கிடையாதாம்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் இன்றைக்கே பி.எஃப். போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து, வேலைக்குச் சேர்ந்த தேதி சரியா என்று பாருங்கள். என்னுடையதில் இரண்டு வருஷத்தைக் காணோம்.