வாடகை வீட்டு மொட்டை மாடி

போன வருஷம் சித்திரை கடைசியில் ஒரு நாள், என் வீட்டில் குடியிருக்கும் தம்பி தோட்டத்துக்கே வந்துட்டார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவர். வரப்பில் நின்னுக்கிட்டே, "அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிக்கிறோமுங்க" என்றார். வாடகை ஜாஸ்தியா என்று கேட்டேன். இல்லையாம். "ராத்திரி ஃபேன் போட்டா அனல்தான் இறங்குதுங்க. பாப்பா ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்க மாட்டேங்குது. கூலர் வாங்கினோம், கரண்ட் பில் தாங்கலை."

எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. கரூர்ப் பக்கம் கோடையில் வெயில் அடிக்காம பனியா பெய்யும்? பில் கட்டுறது அவர், எனக்கென்ன என்றும் ஒரு நினைப்பு. நீங்க உங்க ஊர் ஹவுஸ் ஓனர்களைத் திட்டும்போது என்னையும் சேர்த்துக்குங்க.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரம்மாதான் கேட்டாங்க. "ஓட்டு வீட்டை இடிச்சுட்டு அதைக் கட்டினது நீங்க. தட்டோடு வேண்டாம்னு சொன்னதும் நீங்க. அந்தப் பிள்ளைக என்ன பண்ணுச்சு?"

நிஜம்தான். அப்பா கட்டின நாட்டு ஓட்டு வீடு அது. இடிச்சுட்டு, கான்கிரீட் போட்டதோட கையில் காசு தீர்ந்துபோச்சு. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கணும் என்று கொத்தனார் சொன்னார். அப்புறம் பார்த்துக்கலாம் என்றேன். பகல் பூரா குடிச்ச வெயிலை வெறும் கான்கிரீட் பொழுது சாய்ஞ்சப்புறம் வீட்டுக்குள்ளே இறக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். நான் அங்கே ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை.

தட்டோடுக்கு இப்பவும் வழியில்லை. சுண்ணாம்பு அடிச்சோம். மாடியைத் தேய்ச்சுக் கழுவி, முதல் நாளே நீற வச்ச சுண்ணாம்பை வடிகட்டி, ஒட்டறதுக்குக் கொஞ்சம் ஃபெவிக்கால் கலந்து, நானும் தம்பியும் ரெண்டு பூச்சு பூசினோம். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிடும். உச்சி வேளையில் கால் வைக்க முடியாத தளத்தில் இப்ப வெறுங்காலோட நிக்கலாம். கண்ணுதான் கூசும்.

ஃபேன் மூணும் பழசு, 75 வாட். இப்ப வர்ற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் பக்கம்தான். தினம் 15 மணி நேரம் ஓடினா, ரெண்டு மாசத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். 2023இலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாதிரியே சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம், பார்த்து வாங்கலாம். ஒண்ணு 3,000 ரூபாய். பாதி நான் தர்றேனுங்க என்றார் தம்பி. வாங்கிக்கலாம்னுதான் முதல்ல நினைச்சேன், மறைக்கலை. ஆனா அவர் காலி பண்ணிப் போனாலும் ஃபேன் என் வீட்டில்தானே தொங்கும்? வெங்காயம் வித்த காசில் நானே போட்டேன்.

அவங்க காலி பண்ணலை. போன வருஷம் பங்குனி, சித்திரைக்கு 540 யூனிட் ஓடியிருந்தது. இந்த வருஷம் 390. கூலரைக் கொஞ்ச நேரம்தான் போடறாங்களாம். 500ஐத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டுமில்லை, 100க்கு மேல் 200 வரைக்கும் உள்ளதுக்கும் விலை ஏறும். அந்த வம்பும் போச்சு.

சுண்ணாம்பு நிக்காது. ஐப்பசி மழையில் பாதி கரைஞ்சு, மாசியில் திரும்ப அடிச்சோம். பக்கத்து வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துட்டு, "வாடகை எவ்வளவு ஏத்தினீங்க?" என்றார். இன்னும் ஏத்தலை. தட்டோடு பதிச்சா ஏத்துவேன். தம்பிகிட்ட சொல்லியும் வச்சிருக்கேன்.