பெருநாட் பொழுதும் பொய்ம்முகங்களும்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணாக்கர் தவறாது எழுப்பும் வினா ஒன்றுண்டு. நீதி வழுவாத மரபில் வந்த பாண்டியன், ஒருவன் சொல்லை மட்டும் கேட்டு எவ்வாறு ஆணையிட்டான் என்பதே அது. 'ஊழ்' என்னும் ஒரு சொல்லால் அவ்வினாவை நாம் பல்லாண்டு கடந்து சென்றதுண்டு. கதையை ஊன்றிப் பார்த்தால் விடை அங்கேயே கிடக்கிறது. ஆடல் மகளிர்பால் மன்னன் மனம் சென்றதென ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோய் என்று சொல்லி எழுந்து போகிறாள். அவளைத் தேற்றுதற்கு மன்னன் விரைகின்றான். அரசியின் வாயிலில் அவன் அடிவைக்கும் அந்நேரத்தில் பொற்கொல்லன் வந்து வணங்குகின்றான். மன்னனுக்கு ஆராய்ந்து பார்க்கப் பொழுதில்லை. வஞ்சகனுக்கு அதுவே முதலீடு.

இவ்விளக்கம் உரைநூல் எதிலிருந்தும் நமக்குக் கிடைத்ததன்று. 2023ஆம் ஆண்டு ரமலானின் கடைசிப் பத்தில் 18,000 ரூபாய் கொடுத்துக் கற்றது. இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களும் சமுதாயப் பெரியோர்களும் நம்மைக் குறித்து நகைக்கவும் கூடும். நகைத்தால் நகைக்கட்டும்.

அன்று நோன்பு திறக்க ஐந்து நிமிடமே இருந்தது. விரிப்பில் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் வடையும் வந்துவிட்டன. பிள்ளைகள் பாங்கொலிக்குக் காது கொடுத்திருந்தனர். கைப்பேசியில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று வந்தது. நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்று, வளைகுடா நாடொன்றில் பணியாற்றும் மாணவரின் படம். எண் மட்டும் புதிது. உம்மாவை மதுரையில் மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், தம் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடப்பதாகவும், குறிப்பிட்ட எண்ணுக்கு உடனே 18,000 ரூபாய் அனுப்பினால் பெருநாளுக்குள் திருப்பித் தருவதாகவும், பேச இயலாத இடத்தில் இருப்பதாகவும் எழுதியிருந்தது. அத்தாயை நாம் அறிவோம். பட்டமளிப்பு நாளன்று மகனின் சான்றிதழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர். நன்மைகள் பன்மடங்காகும் மாதத்தில் ஒரு தாயின் மருத்துவத்திற்குக் கணக்குப் பார்ப்பதா? பாங்கு ஒலிக்குமுன் பணம் போய்விட்டது. அன்றைய கஞ்சி வழக்கத்தினும் சுவையாக இருந்ததாகவும் நினைவு.

தராவீஹ் முடிந்து, பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போதுதான் ஐயம் தலைகாட்டியது. மாணவரின் பழைய எண்ணுக்கு அழைத்தோம். "உம்மா வீட்டில் நலமாக இருக்கிறார்கள் ஐயா. எனக்குப் பலகாரம் கொடுத்தனுப்ப ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார். ஏன் ஐயா இந்நேரத்தில் அழைத்தீர்கள் என்றும் கேட்டார். நலம் அறியவே அழைத்ததாகச் சொல்லி வைத்துவிட்டோம். நோன்பு மாதத்தில் நாம் சொன்ன பொய் அது.

ஏன் மறைத்தோம்? திருக்குறளில் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல். ஒருவரை எவ்வாறு ஆராய்ந்து நம்புவது என்பதை நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்குபவர். ஆய்வியல் நிறைஞர் பட்டம் வேறு. இத்தகையவர் ஒரு நிழற்படத்தைக் கண்டு ஏமாந்தார் என்பதை இல்லாளிடம்கூடச் சொல்ல நா எழவில்லை.

இந்நாணம் நம் இல்லத்திற்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டையொட்டி, நாம் சிறுவராயிருந்த காலத்தில், எம் தெருவில் ஓர் அம்மையார் பெருநாள் சீட்டுப் பிடித்தார். மாதந்தோறும் சிறுதொகை கட்டினால் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்னர் அரிசி, நெய், ஒரு சேலை. இரண்டு ஆண்டுகள் சொன்னபடி தந்தார். மூன்றாம் ஆண்டு ரமலான் இருபதாம் நாள் அவர் வீட்டில் பூட்டுத் தொங்கிற்று. தெருப்பெண்கள் அனைவரும் அப்பூட்டின்முன் நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒருவரும் காவல் நிலையம் செல்லவில்லை. வாப்பாவுக்குத் தெரியாமல் கட்டிய பணம் என்பதால் நம் உம்மா அப்பேச்சையே எடுக்கவில்லை. அவ்வாண்டு முந்தைய பெருநாள் சட்டையைத் துவைத்துப் பெட்டிபோட்டு உடுத்திக்கொண்டோம். முதலீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997இலேயே சட்டம் வந்தது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2019இல் வந்தது. சட்டங்கள் வந்துவிட்டன. ஆயினும் முறையிட வேண்டியவர் வாய் திறக்கவேண்டுமே!

நாம் வாய்மூடி இருந்த நான்காம் நாள், அதே படம், அதே தாய், அதே மருத்துவமனை இன்னொருவர் வாயிலைத் தட்டின. அவர் அம்மாணவருடன் ஒரே வகுப்பில் பயின்றவர், தையற்கடை நடத்துபவர். பெருநாள் நெருங்குகையில் தையற்காரருக்கு உறக்கமேது? கழுத்தில் அளவுநாடாவுடன், ஒரு கையில் கத்தரியுடன் இருந்தவர், நண்பனின் தாய்க்கென்று 12,000 ரூபாய் அனுப்பிவிட்டார். காஜா எடுக்கும் இளைஞர் இருவருக்குப் பெருநாள் கூலியாக எடுத்து வைத்திருந்த பணம் அது.

ஆனால் அவர் நம்மைப்போல் கற்றறிந்தவராக நடந்துகொள்ளவில்லை! அரைமணி நேரத்தில் ஐயம் கொண்டு நண்பனை அழைத்தார். உண்மை தெரிந்த மறுகணமே, கல்லூரி முகாமில் காவல் அதிகாரி ஒருவர் சொல்லிச் சென்ற 1930 என்னும் எண்ணை அழைத்தார். இணையவழிப் பணமோசடிக்கென நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண் அது. பணம் சென்ற வங்கிக்கு உடனே செய்தி போகும். வேறு கைகளுக்கு மாறுமுன் எஞ்சியதை நிறுத்தி வைப்பர். அவருடைய தொகையில் 7,000 ரூபாய் அவ்வாறு நின்றது. சில மாதங்களுக்குப் பின்னர் நீதிமன்ற ஆணைவழி அவர் கைக்கு வந்தது. நாம் ஆறாம் நாள் அவ்வெண்ணை அழைத்தபோது, நம் பணம் பல கணக்குகள் தாண்டி ரொக்கமாகவும் எடுக்கப்பட்டுவிட்டிருந்தது.

முன்னாள் மாணவர் குழுவில் அவர் அன்றிரவே நடந்ததை எழுதினார். தமக்கும் அச்செய்தி வந்ததென இருவர் எழுதினர். நான்காவதாக நாம் எழுதினோம், தேதியையும் சேர்த்து. மறுநாள் அவர் கடைக்குச் சென்று, முன்னரே தெரிந்திருந்தும் சொல்லாதிருந்ததை ஒப்புக்கொண்டோம். ஏதும் கூறாமல் தேநீர் வரவழைத்தார். இழந்த 5,000 ரூபாயை நாம் நீட்டியபோது வாங்க மறுத்தார். காஜா எடுக்கும் பிள்ளைகளின் கூலி என்று வற்புறுத்திய பின்னரே பெற்றுக்கொண்டார்.

பின்னர் ஆராய்ந்ததில், அம்மாணவரின் முகநூல் பக்கத்தில் நண்பர் பட்டியல் எவரும் காணும்படி திறந்து கிடந்ததும், உம்மாவுடன் எடுத்துக்கொண்ட படங்கள் அதிலிருந்ததும் தெரியவந்தன. பொய்ம்முகம் சமைக்க வேறென்ன வேண்டும்? இன்று குரலையே போலியாகச் செய்துவிடுகின்றனர். ஆகவே வந்த அழைப்பில் ஒலிக்கும் குரலும் சான்றாகாது. நாம் அறிந்த பழைய எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்டலே வழி. பத்து நிமிடம் பொறுத்தால் எந்த மருத்துவமனையும் நோயாளியை வெளியே அனுப்பிவிடாது.

எல்லாச் சமயத்தார் பண்டிகைக்கும் இவ்வகை வஞ்சகம் உண்டு. தீபாவளிக்கு முன்னர் சிவகாசிப் பட்டாசு பாதி விலையில் என்று இணையத்தில் விளம்பரங்கள் முளைக்கின்றன. இணைய வணிகத் தளங்கள் வழிப் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை செய்தது. முன்பணம் கட்டுவோர் குறைந்தபாடில்லை. பொதி வந்திருக்கிறது, முகவரி குறைவு, சிறுகட்டணம் செலுத்துக என்று குறுஞ்செய்தி வரும். பண்டிகை வாரத்தில் ஏதேனும் பொதியை எதிர்பாராதவர் யார்? பெருநாள் அன்பளிப்புத் தருவதாகச் சொல்லி, கட்டக்குறியை வருடி இரகசிய எண்ணைப் பதியச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு அவ்வெண் ஒருபோதும் வேண்டாம். கொடுப்பதற்கு மட்டுமே வேண்டும். ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்லும் தனியார், மத்தியச் சிறுபான்மையினர் நல அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டே முன்பணம் தருக.

அன்று தொட்டு, விடுமுறைக்கு முந்திய கடைசி வகுப்பில் கொலைக்களக் காதையோடு இக்கதையையும் சொல்லி வருகிறோம். மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள். தையற்காரரின் பகுதி வந்ததும் அமைதியாவார்கள். சென்ற முறை முதலாண்டு மாணவி ஒருத்தி, மணி அடித்தும் இருக்கையை விட்டு எழவில்லை. அனைவரும் சென்றபின் அருகில் வந்து, "ஐயா, எங்கள் வாப்பாவுக்கும் இப்படித்தான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றாள். எப்பொழுது நடந்ததம்மா என்று கேட்டோம். காலையில்தான் என்றாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவள் வாப்பாவின் எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தோம். வேறெதுவும் சொல்லுமுன், நாம் 18,000 ரூபாய் ஏமாந்த கதையை அவரிடம் சொல்லத் தொடங்கினோம்.