மிகுதிப் பணம்

லண்டனில் கணித ஆசிரியையாகப் பணியாற்றும் எனது அக்காவின் மகள் 2024 ஆகஸ்ட் இறுதியில் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, வசதியில்லாத பிள்ளையளுக்கு அரசாங்கக் காசில நடந்த ரியூஷன் இந்த மாதத்தோட நிக்குது" என்றாள். குரல் சோர்ந்திருந்தது.

கொரோனா பாடசாலைகளை மூடவைத்ததன் பின்னர், 2020 நவம்பரில் இங்கிலாந்தில் தேசிய ரியூஷன் திட்டம் ஆரம்பமானது. பெரும்பாலும் மூன்று பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 15 மணித்தியாலங்கள். செலவில் ஒரு பங்கை அரசு தரும். மிகுதியைப் பாடசாலை தேடிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் 75 வீதமாக இருந்த அரசின் பங்கு, 2022இல் 60 ஆகவும் 2023இல் 50 ஆகவும் குறைந்தது. பயன்பெறுவோரில் 65 வீதத்தினர் பின்தங்கிய பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்ற இலக்கும் 2022 மார்ச்சில் கைவிடப்பட்டது. மிகுதிப் பணத்தைத் தேடமுடியாது ஒதுங்கிக்கொண்ட பாடசாலைகளும் உண்டு.

மிகுதிப் பணம் என்றதும் எனக்கு வேறொன்று நினைவில் வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் கிடுகுக் கொட்டிலில் ஒரு ரியூட்டரி. அப்பா இல்லாத வீடு. வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போன அம்மாவால் மூன்றாம் மாதக் கட்டணத்தைக் கொடுக்க முடியவில்லை. நான் வேலிக்கு வெளியே நின்று, கரும்பலகையைப் பார்த்துக் கணக்கைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். மாஸ்ரர் கண்டுவிட்டார்.

"உள்ள வந்து இரடா. நான் உன்னட்டக் காசு கேட்டனானே?"

அவர் கேட்கவில்லைத்தான். ஆனால் ரியூட்டரி நடத்தியவர் கேட்டிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை எனது கட்டணம் மாஸ்ரரின் சம்பளத்தில் கழிக்கப்பட்டது என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன்.

அதற்கிடையில் நான் பட்டதாரியாகி, பத்திரிகையாளனும் ஆகியிருந்தேன். 1945இல் கன்னங்கரா தந்த இலவசக் கல்வியை ரியூட்டரிகள் அரித்துத் தின்கின்றன என்று காரசாரமாகப் பல கட்டுரைகள் எழுதினேன். அவற்றில் பிழையில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒன்றிலேனும் அந்த மாஸ்ரரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கொட்டிலுக்கு வெளியே நின்றவன் நான் என்று சொல்ல வெட்கம். அவர் காலமாகிவிட்டார்.

செப்டெம்பரில் மருமகளிடம் மீண்டும் பேசினேன். பாடசாலை முடிந்தபின் மூன்று பிள்ளைகளை மறித்துவைத்துத் தானே படிப்பிக்கிறாளாம். சம்பளம் கிடையாது. பெருமையாகத்தான் இருந்தது, கோபமும் வந்தது. நல்ல மனிதர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் அரசுகள் தமது பங்கைக் குறைத்துக்கொள்ளலாகாது. மாஸ்ரரின் சம்பளத்தில் கழிந்தது அவர் தரவேண்டிய பணமல்ல.

இதை அவர் இருக்கும்போதே எழுதியிருக்கவேண்டும்.