வைக்காமல் விட்ட கையொப்பம்

1994 ஆகஸ்ட். சிட்னிக்கு வந்தபின் முதல் தடவையாக வருமானவரிப் படிவம் நிரப்பினேன். தொழிற்சாலைச் சம்பளம், பிடித்த வரி எல்லாவற்றையும் மூன்று இரவுகள் இருந்து எழுதித் தபாலில் போட்டேன். திரும்பி வரும் பணத்தில் மச்சானிடம் வாங்கிய விமானச் சீட்டுக் கடனை அடைக்கலாம் என்பது யோசனை.

ஒக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. காசோலைதான் என்று மனைவி ஓடிவந்தாள். உள்ளே நான் அனுப்பிய அதே படிவம்! கையொப்பம் இல்லையாம்.

மறதி என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மை அதுவல்ல. எழுதியதெல்லாம் உண்மை என்று உறுதி கூறும் இடத்தில் பேனை நின்றுவிட்டது. வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் எங்கள் பிள்ளைகளிடம் கையொப்பம் வாங்கி, 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அதையே வாக்குமூலமாக நீதிமன்றில் நீட்டிய நாட்டிலிருந்து வந்தவர்கள் அல்லவா நாம்? பிறகு வைப்போம் என்று நினைத்தேன்; வைக்காமலே அனுப்பிவிட்டேன்.

கையொப்பமில்லாத படிவம் இங்கே கொடுத்த கணக்கில் சேராது. நாமே அனுப்புவதானால் ஒக்டோபர் 31 கடைசி நாள்; தவறினால் தண்டமும் விழலாம். எனக்கு ஒரு கிழமை மிச்சமிருந்ததால் தப்பினேன். பணம் டிசம்பரில்தான் வந்தது. அதுவரை மச்சானின் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

இன்று பலரும் கணினியில் அனுப்புகிறார்கள். அங்கும் உறுதிமொழி உண்டு. வேறொருவர் நிரப்பித் தந்தாலும் முழுவதும் வாசியுங்கள், விளங்காததைக் கேளுங்கள். குறைந்த வருமானமுள்ளோருக்கு இலவசமாக உதவும் தொண்டர்களும் இருக்கிறார்கள். விளங்கிய பின் பயமின்றிக் கையொப்பம் வையுங்கள்.